நாலடி இருந்தால்தான் ஏற்றுவார்கள்

அவனுக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது என்று யார்டில் எல்லோரும் சொல்வார்கள். சும்மா கதை. எல்லாம் நன்றாகத் தெரியும். எவன் திருப்பி அடிப்பான், எவன் வாங்கிக்கொண்டு பேசாமல் போவான் என்பதெல்லாம் அந்தக் கோபத்துக்கு அத்துப்படி. யார்டு முதலாளி மேல் அது ஒரு நாளாவது வந்திருக்கிறதா? ரோட்டில் வண்டியை மறிக்கிற போலீஸ்காரர் மேல் வந்திருக்கிறதா? வராது. அது வருகிற இடம் வேறு.

ஆளுக்குப் பட்டப்பெயர் சம்மட்டி. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது, அதை இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. பழைய கார்களை உடைத்துப் பிரிக்கிற யார்டில் வேலை. லாரியில் மோதியது, வெள்ளத்தில் மூழ்கியது, சொந்தக்காரனே வெறுத்துப்போய் விட்டது என்று எல்லாம் வந்து இறங்கும். கட்டர்காரன் கேஸ் வைத்து அறுப்பான். துருப்பிடித்து இறுகிப்போய், கட்டர் நுழையாத மூலை என்றால் இவனைக் கூப்பிடுவார்கள். ஒரே போடு. கதவு கீலோடு பெயர்ந்து விழும், கண்ணாடி பொலபொலவென்று கொட்டும். வேலை என்று வந்தால் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கை சாயங்காலம் யார்டு கேட்டோடு நின்றுகொள்ளுமா என்ன? அதுவும் கூடவே வீட்டுக்கு வந்தது.

வீடு மாடியில், இரண்டே அறை. மனைவி பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற கடையில் துணி வெட்டுகிறவள். இன்ச் டேப் நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கும். வீட்டிலும் அவளுக்கு எல்லாம் இன்ச்தான். ஜன்னல் திரை இத்தனை இன்ச், பெரியவன் போன வருஷத்தைவிட மூன்று இன்ச் வளர்ந்திருக்கிறான், இப்படி. அந்த வீட்டில் 'அடி' என்ற சொல்லுக்கு வேறு வேலை இருந்தது.

பிள்ளைகள் இரண்டு. பெரியவனுக்குப் பத்து வயது. நின்றால் குற்றம், உட்கார்ந்தால் குற்றம் என்று அப்பாவிடம் வாங்கி வாங்கியே வளர்ந்தவன். சின்னவளைப் பொடிசு என்பார்கள். ஆறு வயது, வாய் மட்டும் அறுபது வயது. அவள்மேல் மட்டும் அவன் கை பட்டதில்லை. "என் தங்கத்தை நான் தொடுவேனா?" என்று நாலு பேர் கேட்கும்படி சொல்லிக்கொள்வான். அப்படியென்றால் பெரியவன் என்ன தகரமா? இதை யாராவது அவனிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் பல் போய்விடும் என்று எல்லோரும் பல்லைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

ஒரு நாள் டிவி ரிமோட்டைக் காணோம். "எடுத்துட்டு வாடா" என்றான். பெரியவன் இரண்டு நிமிஷம் தேடினான். அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை. காதோடு சேர்த்து விட்டான் ஒன்று. பையன் சுவரில் போய் மோதி அப்படியே உட்கார்ந்தான். காதிலிருந்து கழுத்து வழியாக ரத்தம் இறங்கி பனியனில் ஊறியது. அழக்கூட இல்லை அந்தப் பிள்ளை, என்னவோ தூரத்தில் கேட்பதுபோல தலையைச் சாய்த்துக்கொண்டே இருந்தான். ரிமோட் சோபா இடுக்கில்தான் கிடந்தது. வைத்தவனும் சம்மட்டிதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காதுக்குள் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "எப்படி ஆச்சு?" என்றார்.

"படியில விழுந்துட்டான்."

"காது மட்டுமா விழுந்துச்சு?"

அவன் தரையைப் பார்த்தான். டாக்டரம்மா பையனைப் பார்த்தார். பையன் சுவரைப் பார்த்தான். அந்தக் காது இனி பாதிதான் கேட்கும் என்று தெரிந்தது அன்றைக்குத்தான்.

அடித்துவிட்டால் எதையாவது வாங்கித் தருவது அவன் பழக்கம். கன்னத்தில் விழுந்தால் சாக்லேட், முதுகு வீங்கினால் பந்து. இந்தத் தடவை திரும்பி வரும்போது குரலைக் குழைத்துக்கொண்டு கேட்டான்: "என்னடா வேணும்? என்ன கேட்டாலும் அப்பா வாங்கித் தரேன்."

பெரியவன் கேட்கிற காதை அவன் பக்கம் திருப்பி, "தீம் பார்க் போகணும். ஒரு நாள் இல்ல. அங்கேயே ரூம் எடுத்துத் தங்கணும்" என்றான். இத்தனை வருஷத்தில் அந்தப் பிள்ளை வாயைத் திறந்து பெரிதாகக் கேட்டது அது ஒன்றைத்தான். காதைக் கொடுத்து வாங்கியது, பெரிதாகவே இருக்கட்டுமே!

வீட்டுக்கு வந்ததும் விஷயத்தை மனைவியிடம் சொன்னான், என்னவோ ராஜ்யத்தையே எழுதி வைத்தவன் மாதிரி. அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"போலாம். ஆனா ஒண்ணு. கிளம்பற வரைக்கும் இந்த வீட்டுல யார்மேலயும் உங்க கை படக் கூடாது."

"சரி சரி, அதையே—"

"முழுசா கேளுங்க. ஒரு தடவை பட்டாலும் நீங்க வர வேணாம். நானும் பசங்களும் மட்டும் போவோம். பார்க்லேர்ந்து நேரா எங்க அக்கா வீடு. இங்க திரும்ப மாட்டோம்."

மிரட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தான். வெங்காயம் நறுக்குகிறவள், கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அவளில்லாமல், பிள்ளைகள் இல்லாமல் அந்த இரண்டு அறையில் தனியாக நிற்பதுபோல ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தான். வேறெதற்கும் பயப்படாதவன் அதற்குப் பயந்தான். "உன்மேல சத்தியமா இல்ல" என்றான். "என்மேல எதுக்கு? உங்க கைமேல பண்ணுங்க" என்றாள் அவள்.

அன்றிலிருந்து வீடே தீம் பார்க் ஆகிவிட்டது. சாப்பிட்டதும் நாலு தலையும் ஒரு போனுக்கு மேல் கவியும். பெரிய ஏரி, ஏரிக்கரையில் ரிசார்ட், ஜன்னலைத் திறந்தால் நீச்சல் குளம், அங்கிருந்தே தண்ணீரில் சறுக்கிக்கொண்டு போகிற குழாய். குளத்தைப் பார்த்த ரூமா, ஏரியைப் பார்த்த ரூமா என்று பெரிய வழக்கே நடந்தது. கீழே இருந்தால் கொசு, மேலே இருந்தால் பொடிசு எட்டிப் பார்ப்பாள், நடு மாடிதான் சரி என்று மனைவி தீர்ப்புச் சொன்னாள். வெளிச் சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்களாம், பிஸ்கட்டைத் துண்டுக்குள் சுருட்டி வைக்கலாம் என்று சம்மட்டியே யோசனை சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் குரல் உயர்ந்தால் மட்டும் பெரியவனின் கை தானாகக் காதுக்குப் போகும். போய்விட்டு, ஒன்றும் விழவில்லை என்றதும் மெதுவாக இறங்கும்.

பார்க்கில் எல்லாவற்றுக்கும் மேலே 'ராட்சசன்' என்று ஒன்று. தலைகீழாகக் கொண்டுபோய்க் கவிழ்த்து, உயிரை வாங்கித் திருப்பித் தருகிற ரயில். பொடிசு அதைப் பார்த்ததும் எழுந்து குதித்தாள். "நான் இதுல முன்னாடி சீட்டு!"

"நீயா?" பெரியவன் சிரித்தான். "நாலடி இருந்தாத்தான் ஏத்துவாங்க. போட்டிருக்கு பார். உனக்கு நாலடி இல்ல."

"உனக்கு?"

"எனக்கெல்லாம் எப்பவோ நாலடி தாண்டியாச்சு!"

பொடிசின் முகம் விழுந்துவிட்டது. அழப்போகிறாள் என்று பார்த்துச் சம்மட்டி அவளை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டான். "அவன் கிடக்கான். போறதுக்குள்ள என் தங்கத்துக்கும் நாலடி ஆயிடும். அப்பா இருக்கேன்ல?"

"நிஜமாவாப்பா?"

"நிஜமா."

பிள்ளையைச் சமாதானப்படுத்த வாய்க்கு வந்ததைச் சொல்வதுதானே, அதில் என்ன இருக்கிறது?

வீட்டில் கட்டிப்போட்ட கை யார்டில் அவிழ்த்துக்கொண்டது. முன்பு கதவோடு விடுகிறவன் இப்போது கூரை, தூண், சீட்டுக் கம்பி என்று எதையும் மிச்சம் வைக்கவில்லை. விற்க வேண்டிய கதவையெல்லாம் நசுக்கினான். "அண்ணே, வீட்டுல விரதம், இங்க விருந்தா?" என்று கட்டர்காரன் கிண்டலடித்தான். அவன் கொஞ்சம் வேண்டியவன், தப்பித்தான். உடைந்த வண்டிகளை இழுத்து வருகிற டோயிங்காரன் அப்படியல்ல. புது ஆள், வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன சம்மட்டி, பொண்டாட்டி உன் கையைக் கட்டிப் போட்டுட்டாளாமே? அப்ப வீட்டுல யாரு சம்மட்டி?"

டோயிங்காரன் ஒரு காரின் கதவு இடுக்கில் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தான். சம்மட்டி அந்தக் கதவை அறைந்து சாத்தினான். விரல் எலும்பு நொறுங்கிய சத்தம் கட்டர் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அலறினவனைத் தலைமுடியைப் பிடித்து பேனட்டில் மோதினான். இன்னும் ஒரு தடவை மோதினான். மூக்கு பிளந்து ரத்தம் சம்மட்டியின் சட்டையில் தெறித்தது. கட்டர்காரனும் இன்னொருவனும் சேர்ந்து இடுப்பைக் கட்டி இழுக்கிற வரைக்கும் விடவில்லை. முதலாளி ஆபீஸிலிருந்து எட்டிப் பார்த்து, "தண்ணி ஊத்திக் கழுவி விடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். உடைந்த கார்களை இழுத்து வருகிற வண்டியிலேயே டோயிங்காரனையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள்.

அன்று சாயங்காலம் சம்மட்டிக்கு மனசு லேசாக இருந்தது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, நீச்சலுக்கு எந்த நிற டிராயர் வாங்கலாம் என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தான். பொடிசு பக்கத்தில் வந்து அவன் சட்டைக் கறையில் விரலை வைத்தாள்.

"யாருப்பா?"

"ஒரு மாமா. வம்புக்கு வந்தான்."

"எத்தனை அடி?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எண்ணலையேடி கழுதை!"

"நாலுக்கு மேலயா?"

"இருக்கும் இருக்கும்."

அவள் நாலு விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "எனக்கு எப்பப்பா நாலடி ஆகும்?" என்றாள்.

"ஆகும்டா தங்கம், ஆகும்" என்றான் போனைப் பார்த்துக்கொண்டே. நீலமா, சிவப்பா என்பதில் இருந்தது அவன் கவனம்.

அதன் பிறகுதான் பொடிசு மாறினாள். தட்டைத் தட்டிவிட்டாள். அவன் செருப்பை ஜன்னல் வழியே தெருவில் எறிந்தாள். தூங்கிக்கொண்டிருந்தவன் முகத்தில் தண்ணீர் ஊற்றினாள். செய்துவிட்டு ஓடவும் மாட்டாள். எதிரிலேயே, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, எதற்கோ காத்திருப்பவள்போல நிற்பாள். ஒவ்வொரு தடவையும் அவன் கை எழும்பும், அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தொடைக்கடியில் வைத்து அமுக்குவான். "பாத்தியா, நான் அடிக்கலை பாத்தியா" என்று மனைவியிடம் பெருமை வேறு. "இவளுக்கு என்ன கேடு வந்துச்சு? இப்படி இருந்தவ இல்லையே" என்று மனைவி குழம்பினாள். பெரியவன்தான் பாவம், தங்கை ஒவ்வொன்றைச் செய்யும்போதும் அவன் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வான்.

கிளம்ப இன்னும் ஒரு நாள். மறுநாள் காலை பஸ். பைகளெல்லாம் கட்டி வாசலருகே வரிசையாக நின்றன. மனைவி, வெட்டி முடிக்க வேண்டியதை முடித்துவிட்டு வருகிறேன் என்று பெரியவனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருந்தாள். மத்தியான வெயில். சம்மட்டி டிவி முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். ஒரே ஒரு நாள், தாண்டிவிட்டால் போதும்.

பொடிசு சமையலறையிலிருந்து எண்ணெய்ப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கட்டி வைத்த பையின் ஜிப்பைத் திறந்து, மடித்து வைத்த துணிமேல் கவிழ்த்தாள். குடுகுடுவென்று எண்ணெய் இறங்கியது.

"ஏய்! என்னடி பண்றே!"

கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவன் எழுந்தான், உட்கார்ந்தான். "வேணாம். அப்பா உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன். போயிடு. என் கண்ணு முன்னாடி நிக்காத, போ."

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். ஏமாற்றத்தில் அவள் உதடு பிதுங்கியது. சுற்றும் முற்றும் பார்த்து, அவன் யார்டிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த ஸ்பானரை இரண்டு கையாலும் தூக்கி டிவியில் எறிந்தாள். திரை நடுவில் விரிசல் விட்டுக் கறுத்தது.

விழுந்தது அறை. முதுகில். ஆறு வயது உடம்பு ஒரு சுற்றுச் சுற்றியது.

"ஒண்ணு" என்றாள் பொடிசு.

திமிர்! எண்ணிக் காட்டுகிறாளா! கன்னத்தில் விட்டான். "ரெண்டு" என்றாள், குரல் உடைந்துவிட்டது. மறுபடியும் கை போனது. பிள்ளை கட்டில் சட்டத்தில் மோதி விழுந்தாள். வாயிலிருந்து ரத்தமும் ஒரு பால்பல்லும் தரையில் விழுந்தன. மூச்சு வாங்கி வாங்கி, விசும்பலுக்கு நடுவில், "மூணு" என்றாள்.

அவன் கையை ஓங்கிக்கொண்டு நின்றான். அவள் ஓடவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, திரும்ப வந்து அவன் எதிரில் நின்றாள்.

"இன்னும் ஒண்ணுதாம்பா. சீக்கிரம் அடிச்சிடு. வலிக்குது."

"என்னது ஒண்ணு?"

"நாலடி வேணும்ல? அப்பத்தானே ராட்சசன்ல ஏத்துவாங்க? அண்ணனுக்கு எப்பவோ ஆயிடுச்சு. எனக்குத்தான் நீ ஒண்ணுகூடப் போடலை. போறதுக்குள்ள ஆயிடும்னு நீதானேப்பா சொன்னே?"

ஓங்கின கை அப்படியே நின்றது. அடப் பாவி! உயரத்துக்கு ஒரு அடி உண்டு, ஒரு சாணும் முழமும் உண்டு என்று அந்த வீட்டுப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அவள் பிறந்ததிலிருந்து பார்த்த அடி ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் அப்பா மடியில் வைத்துச் சத்தியம் பண்ணிக் கொடுத்தான் என்று நம்பி, நாள் நெருங்க நெருங்கப் பயந்து, பிள்ளை தானே தேடி வந்து வாங்கிக்கொண்டாள்.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். கார் கூரையையே பெயர்த்தெடுக்கிற ஆள், எலும்பெல்லாம் உருவிப் போட்டதுபோல உட்கார்ந்தான். பொடிசு அவன் கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள்.

"மூணோட நிறுத்தாதப்பா. ஏத்த மாட்டாங்கப்பா."

"போதும்டா. மூணே போதும்."

"போதாது! நாலு!"

கதவு திறந்தது. மனைவி நின்றாள், பின்னால் பெரியவன். அவள் டிவியைப் பார்க்கவில்லை, எண்ணெயைப் பார்க்கவில்லை. பிள்ளையின் வாயைப் பார்த்தாள், தரையில் கிடந்த பல்லைப் பார்த்தாள். சம்மட்டி வாயைத் திறந்தான். விழுந்துவிட்டாள் என்று சொல்ல வந்தது, அது அவனுக்குப் பழகின பொய். "நான்தான்" என்றான்.

பொடிசு அம்மாவிடம் ஓடினாள். "அம்மா, மூணு ஆயிடுச்சும்மா! அப்பா கடைசி ஒண்ணு போட மாட்டேங்கறார். நீ போட்டுடும்மா!"

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பெரியவனுக்கு முதலில் புரிந்துவிட்டது. "அய்யோ, நான் உயரத்தைச் சொன்னேன்மா" என்று அவன் தேம்பத் தொடங்கினான். அவள் பொடிசைத் தூக்கி முகத்தைத் தோளில் பதித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு முந்தானையை நனைத்து அந்த வாயைத் துடைத்தாள். கத்துவாள், சண்டை போடுவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் எண்ணெய்ப் பையை ஓரமாகத் தள்ளிவிட்டு மற்ற இரண்டு பைகளைத் தோளில் மாட்டினாள்.

"பெரியவனே, ஷூ போடு."

"நாளைக்குத்தானே பஸ்..." என்றான் சம்மட்டி.

"இன்னைக்குப் போற பஸ் எத்தனையோ இருக்கு."

அவன் எழுந்து கெஞ்சவில்லை. கெஞ்சினாலும் அவள் நிற்க மாட்டாள் என்பது தெரியும். நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதும் அன்றைக்கு முதல்தடவையாகத் தெரிந்தது.

வாசலில் பொடிசு அம்மாவின் கையை உதறினாள். "அப்பா வரலையா?"

"இல்ல."

"ஏன்? அவருக்கு நாலடி ஆகலையா?"

பதில் அவளுக்கே கிடைத்துவிட்டது. அப்பாவை யார் அடித்திருக்கிறார்கள்? அவள் திரும்ப ஓடி வந்தாள். தரையில் உட்கார்ந்திருந்தவன் முகம் அவள் உயரத்துக்குச் சரியாக இருந்தது. பிஞ்சுக் கையை முடிந்த மட்டும் ஓங்கி அவன் கன்னத்தில் அடித்தாள். எண்ணிக்கொண்டே, பலமாக, நாலும் அடித்தாள். கை வலித்திருக்க வேண்டும், ஊதிக்கொண்டாள்.

"ஆச்சு. இப்ப உன்னையும் ஏத்துவாங்க. எழுந்துருப்பா."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் படியிறங்க ஆரம்பித்திருந்தாள். ஒரு வார்த்தை, பிள்ளை கேட்கிறாளே என்று ஒரே ஒரு வார்த்தை, சொல்லிப் பார்த்திருக்கலாம். அவன் பொடிசின் சட்டைக் காலரை மடித்துச் சரி செய்தான்.

"நீ அம்மாகூடப் போ. அப்பாவை ஏத்த மாட்டாங்கடா" என்றான்.

"நாலும் அடிச்சேனே!"

"ஆமா. ஆனாலும் ஏத்த மாட்டாங்க. அம்மாவும் ஏத்தக் கூடாது."

அவள் நம்பாமல் பார்த்துக்கொண்டே போனாள். படியில் இறங்கும்போது, தான் சரியாகத்தான் எண்ணியதாக அண்ணனின் கேட்காத காதில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போவது கேட்டது.